நல்ல ஆட்டம் இருக்கிறது, கட்டொழுங்கு இல்லை: யாரைப் பற்றிய தீர்ப்பு இது?

பாகான் டாலாமில் மாலை ஐந்தரை மணிக்கு மேல் ஏதாவது ஒரு திடல் ஓரத்தில் நின்றால், இந்த வாக்கியம் காதில் விழாமல் போகாது: "பையன் நல்லா ஆடுறான். ஆனா டிசிப்ளின் இல்ல." சொல்பவர் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவராக இருப்பார். துறைமுகத்திலோ ரயில்வேயிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தம் காலத்தில் மாவட்ட அளவிலாவது ஆடியவர். அவர் சுட்டிக்காட்டும் பையனுக்குப் பதினாறு பதினேழு வயதிருக்கும். பந்தை அடக்கும் விதத்திலும் ஆளைத் தாண்டும் விதத்திலும் அவனிடம் ஒரு குறையும் இல்லை. ஆனால் போன வாரம் பயிற்சிக்கு வரவில்லை. நேற்று அரை மணி நேரம் தாமதம். அதற்கு முந்தைய ஆட்டத்தில் நடுவரிடம் வாய் கொடுத்து மஞ்சள் அட்டை வாங்கினான். தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

கருத்தரங்கு மேடைகளிலும் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. திறமை வாய்ந்த இளம் காற்பந்து நட்சத்திரங்களுக்கு வெற்றி பெறும் அளவுக்குக் கட்டொழுங்கு இருக்கிறதா? ஒரு தரப்பு எழுந்து கைப்பேசி, மோட்டார் சைக்கிள், நள்ளிரவு மாமாக் கடை என்று பட்டியல் வாசிக்கும். மறுதரப்பு ரொனால்டோவைக் காட்டும். கைத்தட்டல் விழும், நிகழ்ச்சி முடியும். இரு தரப்பும் ஒரு விஷயத்தில் மட்டும் சண்டையில்லாமல் ஒத்துப்போகின்றன. கட்டொழுங்கு என்பது பையனின் உடம்போடு பிறப்பது, இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை என்பதே அது.

மலேசியக் காற்பந்தின் வரலாற்றைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

வேலை தந்த ஒழுங்கு

மலேசியக் கிண்ணம் 1921-இல் தொடங்கியது. எச்.எம்.எஸ். மலாயா என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மாலுமிகள் தந்த கோப்பை அது. 1967 வரை மலாயாக் கிண்ணம் என்றே பெயர். பினாங்கு அதை 1953, 1954, 1958, 1974 ஆகிய நான்கு ஆண்டுகளில் வென்றிருக்கிறது. அந்த வெற்றிகளில் ஆடிய யாருக்கும் உள்நாட்டில் காற்பந்து ஒரு தொழிலாக இருக்கவில்லை. பகலில் அரசாங்க இலாகா, மின்சார வாரியம், போலீஸ், சுங்கத்துறை, வங்கி, நகராண்மைக் கழகம் என்று ஏதோ ஓர் இடத்தில் வேலை. மாலையில் பயிற்சி. வார இறுதியில் ஆட்டம்.

பட்டர்வொர்த் பக்கத்தில் இது இன்னும் நன்றாகப் புரியும். பாகான் டாலாம் இருப்பது தீவில் அல்ல, பெருநிலப் பகுதியில். ஃபெரி துறை, ரயில் நிலையம், கப்பல் சரக்குத் துறைகள் எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும் இடம். இங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வயிற்றுப்பாடு இந்த மூன்றையும் சுற்றியே இருந்தது. நேரத்துக்கு வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் வெட்டு. நேரத்துக்குப் போகிறவன் பயிற்சிக்கும் நேரத்துக்குத்தான் வருவான், ஏனென்றால் அவன் நாள் முழுவதும் கடிகாரத்தோடுதான் ஓடுகிறது. அவன் பயிற்சிக்கு மட்டம் போட்டால், காற்பந்தில் ஆர்வமுள்ள மேலதிகாரியின் காதுக்கு மறுநாள் காலையே செய்தி போய்விடும். ஊரே அவனை அறியும். மாமன், சித்தப்பா, பக்கத்து வீட்டு அண்ணன் எல்லாரும் அதே இடத்தில் வேலை செய்பவர்கள்.

அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் எல்லாரும் ஒழுக்க சீலர்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் சிகரெட் பற்றவைத்தவர்கள் உண்டு. வேறு பழக்கங்கள் உள்ளவர்களும் உண்டு. ஆனால் அவர்களைச் சுற்றி ஒரு வேலி இருந்தது. அந்த வேலியை அவர்கள் கட்டவில்லை. அது வேலையும் ஊரும் சேர்ந்து போட்ட வேலி.

அந்த வேலிக்குள்ளிருந்து வந்தவர்களைப் பாருங்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியா ஆடியது. குழுவின் தலைவர் எம். சந்திரன். மேற்கு ஜெர்மனியிடம் 0-3, மொரோக்கோவிடம் 0-6 என்று தோற்றாலும் அமெரிக்காவை 3-0 என்று வென்று திரும்பினார்கள். ஷாஹாருடின் அப்துல்லா, நமாட் அப்துல்லா சகோதரர்கள் அந்தக் குழுவில் இருந்த பினாங்குக்காரர்கள். அவர்களோடு அலி பாக்கார், இசா பாக்கார் போன்றவர்களும் ஆடிய காலம்தான் பினாங்குக் காற்பந்தின் பொற்காலம். 1974-க்குப் பிறகு பினாங்கு மலேசியக் கிண்ணத்தைத் தொடவே இல்லை என்பதை நினைத்தால் அந்தத் தலைமுறையின் எடை தெரியும்.

பிறகு வந்தவர் ஆர். ஆறுமுகம். 1953-இல் பிறந்தவர். நீண்ட கைகள். அதனால்தான் ரசிகர்கள் அவருக்கு 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வைத்தார்கள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் கோல் காவலராக நின்றவர். 1980 ஏப்ரல் 6-ஆம் தேதி கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற குழுவில் அவர் இருந்தார்; சோ சின் ஆன், சந்தோக் சிங், மொக்தார் டஹாரியின் தலைமுறை அது. வெற்றி கோலை அடித்தவர் சபாவின் ஜேம்ஸ் வோங். பயிற்றுநர் ஜெர்மனிக்காரர் கார்ல் ஹெயின்ஸ் வெய்காங். ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்து மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது; மலேசியாவின் இடத்தில் ஈராக் ஆடியது. உழைத்துப் பெற்ற சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பது எப்படிப்பட்ட ஏமாற்றம் என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகும் அவர்கள் ஆடினார்கள். மறுநாள் வேலைக்கும் போனார்கள். 2016-இல் வந்த 'ஓலா போலா' திரைப்படம் அந்தக் குழுவை அடியொற்றி எடுக்கப்பட்டது. அதில் வரும் கோல் காவலர் முத்துவைப் பார்த்து ஆறுமுகத்தை நினைத்துக் கொண்டவர்கள் ஏராளம். ஆறுமுகம் 1988 டிசம்பரில் சாலை விபத்தில் காலமானார். வயது 35.

காசு வந்தது, வேலி போனது

அவர் மறைந்த மறு ஆண்டு, 1989-இல், மலேசியக் காற்பந்து பாதித் தொழில்முறைக்கு மாறியது. வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வந்தார்கள். அரங்கங்கள் நிரம்பின. சம்பளம், ஊக்கத்தொகை, விளம்பரம் எல்லாம் வந்தது. மாற்றம் தவறு என்று சொல்ல முடியாது. ஆசியாவே அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது.

ஆனால் ஒரு விஷயத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. முன்பு காலை எட்டு மணியிலிருந்து மாலை நான்கரை வரை ஆட்டக்காரனின் நேரம் வேலைக்குச் சொந்தம். இப்போது அந்த நேரம் சும்மா கிடந்தது. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் பயிற்சி. மீதி நேரத்துக்கு யாரும் பொறுப்பில்லை. பத்தொன்பது வயதுப் பையன் கம்பத்தையோ தோட்டத்தையோ விட்டு வேறு மாநிலத்தில் ஒரு வாடகை வீட்டில், தன்னைப் போன்ற நான்கு பையன்களோடு இருக்கிறான். கையில் அவன் அப்பா கண்டிராத காசு. அல்லது, அதைவிட மோசமாக, வர வேண்டிய காசு மூன்று மாதமாக வரவில்லை.

அந்த வீட்டின் கதவைத் தட்டியவர்கள் சூதாட்டத் தரகர்கள்.

அவர்கள் கேட்கும் விதம் தெரிந்தால்தான் அந்தக் காலத்துப் பையன்கள் விழுந்ததன் காரணம் புரியும். "உன் குழுவைத் தோற்கடி" என்று எடுத்த எடுப்பில் கேட்பதில்லை. கோல் வித்தியாசத்தின் மேல்தான் பந்தயம் ஓடும். ஆகவே, "நீங்கள்தான் ஜெயிப்பீர்கள், எங்களுக்குத் தெரியும். ஒரே ஒரு கோலில் ஜெயியுங்கள், போதும்" என்பார்கள். இதில் என்ன துரோகம் என்று பையனுக்குத் தோன்றும். குழுவும் ஜெயிக்கிறது, காசும் வருகிறது. கோல் காவலரும் தற்காப்பு ஆட்டக்காரரும்தான் அவர்களுக்கு முக்கியம். ஒருமுறை வாங்கிவிட்டால் அடுத்த முறை கேட்கப்படுவது வேறு மாதிரி இருக்கும். அப்போது இல்லை என்று சொல்ல முடியாது. பேச வருபவரும் பெரும்பாலும் அந்நியராக இருக்க மாட்டார். பையன் அண்ணன் என்று அழைக்கும் ஒரு முன்னாள் ஆட்டக்காரராக இருப்பார்.

1994-இல் அது வெடித்தது. போலீஸ் விசாரணை 1995-இலும் தொடர்ந்தது. 126 பேர் விசாரிக்கப்பட்டார்கள். 58 ஆட்டக்காரர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஆட்டக்காரர்கள், பயிற்றுநர்கள் என 21 பேர் நீக்கப்பட்டார்கள். சிலரைக் கட்டுப்படுத்தப்பட்ட வசிப்பிடச் சட்டத்தின் கீழ் சொந்த ஊரை விட்டு வேறு ஊருக்கு அனுப்பினார்கள். அதே 1994-இல் லீக்கையும் மலேசியக் கிண்ணத்தையும் வென்ற சிங்கப்பூர், அதோடு மலேசியப் போட்டிகளை விட்டு வெளியேறியது.

இந்த எண்களைப் படிக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நீக்கப்பட்டவர்களில் பயிற்றுநர்களும் இருக்கிறார்கள். அதாவது, பையனுக்குக் கட்டொழுங்கு கற்றுத்தர வேண்டியவரே சந்தையில் நின்றிருக்கிறார். எந்த இனத்துக்காரன், எந்த மாநிலத்துக்காரன் என்று பார்த்து வந்த நோயும் அல்ல அது. ஆனாலும் காப்பிக் கடைகளில் நிலைத்த தீர்ப்பு, "இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஒழுக்கம் இல்லை" என்பதுதான்.

ரசிகர்கள் போனார்கள். முன்பு டிக்கெட் கிடைக்காமல் திரும்பிய அரங்கங்களில் காலி நாற்காலிகள். ஒவ்வொரு தடுமாற்றத்துக்கும், கோல் காவலர் கையிலிருந்து நழுவும் ஒவ்வொரு பந்துக்கும், "காசு வாங்கிட்டான்" என்ற பேச்சு. 1993 ஆகஸ்டில் ஃபிஃபா தர வரிசையில் 75-ஆம் இடத்தில் இருந்த மலேசியா, 2018 மார்ச்சில் 178-ஆம் இடத்துக்குப் போனது. இதற்கு அந்த ஊழல் ஒன்றே காரணம் என்றால் அது மிகை. ஆனால் ஒரு தலைமுறையின் பெற்றோர் தங்கள் பிள்ளைகளைக் காற்பந்துக்கு அனுப்பத் தயங்கியதற்கு அது பெரிய காரணம். தமிழ்க் குடும்பங்களில் அந்தத் தயக்கம் இன்னும் அதிகம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு அடுக்குமாடி வீடுகளுக்கு வந்த குடும்பங்களுக்குத் திடலும் போனது, நம்பிக்கையும் போனது. "படிக்கிற வேலையைப் பார்" என்று சொன்ன தாயைக் குறை சொல்ல முடியுமா?

ஒரே கழகம், இரண்டு பையன்கள்

காசு வந்ததால்தான் கெட்டார்கள் என்று முடிவு கட்டுவதும் சுலபம். அதுவும் சரியில்லை. இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட்டையே எடுத்துக் கொள்வோம். நம் ஊர்ப் பையன்கள் சட்டை வாங்கிப் போடும் கழகம்தானே!

ஜார்ஜ் பெஸ்ட் பெல்பாஸ்டிலிருந்து பதினைந்து வயதில் அங்கே வந்தவர். கழகம் அவரை ஓர் அம்மையாரின் வீட்டில் தங்கவைத்தது. அங்கே நேரத்துக்குச் சாப்பாடு. இரவு எத்தனை மணிக்கு வருகிறான் என்று பார்க்க ஒருவர். பயிற்றுநர் மேட் பஸ்பி தகப்பன் மாதிரி. 1968-இல் ஐரோப்பியக் கிண்ணம், அதே ஆண்டில் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருது. வயது 22. அடுத்த ஆண்டே பஸ்பி பொறுப்பிலிருந்து விலகினார். பெஸ்ட் அந்த அம்மையார் வீட்டை விட்டுத் தாமே கட்டிய நவீன மாளிகைக்குப் போனார். வேடிக்கை பார்க்க ஆட்கள் பேருந்தில் வந்து இறங்கினார்களாம். குடியும் காணாமல் போவதும் பெருகின. பிறகு கழகமே அவரைத் திரும்ப அந்தப் பழைய வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தது. காலம் கடந்துவிட்டது. 1974 ஜனவரி முதல் தேதி அவர் யுனைடெட்டுக்காகக் கடைசியாக ஆடினார், 27 வயதில். 2005-இல் காலமானார்.

அதே கழகத்தில், அதே இறக்கைப் பகுதியில், 1991-இல் பதினேழு வயது ரயன் கிக்ஸ் வந்தார். அடுத்த பெஸ்ட் என்றுதான் பத்திரிகைகள் எழுதின. பயிற்றுநர் அலெக்ஸ் ஃபெர்குசன் அவரை இருபது வயது வரை பேட்டி கொடுக்கவே விடவில்லை. பையன் எங்கே போகிறான், யாரோடு போகிறான் என்று வலை போட்டுப் பார்த்தார். கிக்ஸ் நாற்பது வயது வரை ஆடி 2014-இல் ஓய்வு பெற்றார். பெஸ்ட்டைவிட கிக்ஸ் பிறவியிலேயே ஒழுக்கமானவர் என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். கிக்ஸின் சொந்த வாழ்க்கைச் செய்திகளும் பின்னாளில் பத்திரிகைகளில் நிறையவே வந்தன. ஆனால் காற்பந்து வாழ்க்கையைப் பொறுத்தவரை ஒருவரைச் சுற்றி வேலி இருந்தது, மற்றவருக்கு அது பாதியில் பிடுங்கப்பட்டது.

ராஜகோபால் கட்டிய குழு

மலேசியாவுக்குத் திரும்புவோம். 2009-இல் தேசியக் குழு பள்ளத்தில் கிடந்த நேரத்தில் பயிற்றுநர் பொறுப்பு கே. ராஜகோபாலிடம் வந்தது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தாக்குதல் ஆட்டக்காரராக ஆடியவர்; வேலை பார்த்துக்கொண்டே ஆடிய தலைமுறையின் ஆள். அவர் பெயர் பெற்ற பெரிய நட்சத்திரங்களைத் தேடி ஓடவில்லை. 23 வயதுக்கு உட்பட்ட பையன்களைக் கையில் எடுத்தார். அந்த ஆண்டு டிசம்பரில் லாவோஸ் சீ விளையாட்டுப் போட்டியில் வியட்நாமை 1-0 என்று வென்று தங்கம். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த காற்பந்துத் தங்கம் அது.

அந்தப் பையன்களை மையமாக வைத்தே 2010 சுசுகி கிண்ணத்துக்குப் போனார். முதல் ஆட்டத்திலேயே ஜகார்த்தாவில் இந்தோனேசியாவிடம் 1-5. காப்பிக் கடைத் தீர்ப்பு மறுநாள் காலையே தயாராகிவிட்டது: பசங்களுக்குப் பக்குவம் போதாது, மனவுறுதி போதாது. அதே குழு தாய்லாந்தைக் கோல் அடிக்க விடாமல் சமன் கண்டது; லாவோசை 5-1 என்று வென்றது; அரையிறுதியில் வியட்நாமை வெளியேற்றியது. இறுதியில் மீண்டும் அதே இந்தோனேசியா. டிசம்பர் 26 அன்று புக்கிட் ஜாலில் அரங்கில் 3-0. மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில், அவ்வளவு பெரிய கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவே, 21 வயது கோல் காவலர் கைருல் ஃபாஹ்மி பெனால்டியைத் தடுத்தார். அந்த ஆட்டம் 1-2, மொத்தத்தில் 4-2. மலேசியாவின் முதல் ஆசியான் கிண்ணம்.

ஒரு மாதத்துக்குள் அந்தப் பையன்களின் பிறவிக் குணம் மாறிவிட்டதா? இல்லை. 1-5 தோல்விக்குப் பிறகு அவர்களைத் தூக்கி எறியாத ஒருவர் இருந்தார். ஓர் ஆண்டுக்கு மேலாக ஒரே வழக்கத்தில் பழகியிருந்தார்கள். யார் எந்த நேரத்தில் எங்கே இருக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆட்டத்துக்குள்ளும் அதுதான் தேவை. வெளியே படுக்கிற நேரம், உள்ளே நிற்கிற இடம். இரண்டும் ஒரே பயிற்சியின் இரண்டு பக்கங்கள்.

அந்தக் குழுவில் இருந்த தமிழர்களில் ஒருவர் எஸ். குணாளன். வேகத்துக்குப் பெயர் போன இறக்கை ஆட்டக்காரர். வேகத்தை மட்டும் நம்பி ஆடுபவர்களின் ஆயுள் இருபத்தெட்டு வயதோடு முடிந்துவிடும் என்பார்கள். குணாளன் ஜோகூர் டாருல் தாக்சிம் கழகத்துக்குப் போன பிறகு வலது தற்காப்பு ஆட்டக்காரராக மாறினார். முன்னால் நின்று கைத்தட்டல் வாங்கியவர் பின்னால் போய் நிற்கச் சம்மதிப்பது சிறிய விஷயமல்ல. 2015-இல் ஏ.எஃப்.சி. கிண்ணத்தை வென்ற முதல் மலேசியக் கழகம் என்ற பெயரை ஜோகூர் பெற்றபோது அவர் அந்தக் கழகத்தில் இருந்தார். முப்பதைத் தாண்டியும் உயர்ந்த மட்டத்தில் ஆடினார். அவருடைய உழைப்பைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அதே நேரத்தில், சம்பளம் தேதி தவறாமல் வரும், உணவையும் உடற்பயிற்சியையும் கவனிக்கத் தனித்தனி ஆட்கள் இருக்கும் ஒரு கழகத்தில்தான் அந்த உழைப்பு பலன் கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

எல்லாக் கழகமும் ஜோகூர் இல்லை

சம்பளப் பாக்கி மலேசியக் காற்பந்தின் பழைய நோய், இன்னும் தீராத நோய். 2025-26 பருவத்தின் சூப்பர் லீக் பட்டியலில் கெடாவும் இல்லை, பேராக்கும் இல்லை. பட்டர்வொர்த்துக்கு வடக்கே ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் கெடா, ஒரு காலத்தில் கிண்ணங்களை அள்ளிய மாநிலம். பணச் சிக்கல் அதைக் கீழே தள்ளியது. மாதக் கணக்கில் சம்பளம் வராத ஆட்டக்காரனிடம் போய்ச் சத்துணவு சாப்பிடு, எட்டு மணி நேரம் தூங்கு என்று கட்டொழுங்கு பேசுவதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும்.

இந்திய இளைஞர்களுக்கென்று ஒரு கதவு திறந்தது. மலேசிய இந்தியக் காற்பந்து சங்கத்தின் பின்புலத்தில் வளர்ந்த கழகம் 2017-இல் பிரிமியர் லீக்கில் ஆடியது. 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்குக்கு வந்தது. பிந்திய பருவங்களில் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல், உள்ளூர்ப் பையன்களை மட்டுமே வைத்து ஆடியது. பட்டியலில் தமிழ்ப் பெயர்களை வரிசையாகப் படிக்க முடிந்தது. கே. தேவன், பி. மணியம் போன்ற பயிற்றுநர்களின் பெயரும் அந்தக் கழகத்தோடு சேர்ந்து பேசப்பட்டது. 2022 பருவம் முடிந்ததும் கழகம் லீக்கை விட்டு விலகியது. நான்கு பருவங்கள். பத்து வயதில் அந்தக் குழுவைப் பார்த்து ஆசைப்பட்ட பையனுக்குப் பதினான்கு வயதாகும்போது அது இல்லை.

பெரிய திட்டங்களும் வந்தன. 2014-இல் தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. பகாங் கம்பாங்கில் மொக்தார் டஹாரியின் பெயரில் ஓர் அகாடமி. ஜெர்மனியில் ஆடி, பயேர்ன் மியூனிக்கின் இளையோர் பிரிவில் பயிற்றுநராக இருந்த லிம் தியோங் கிம் பொறுப்பேற்றார். அங்கிருந்து வந்த தலைமுறையின் முகம் லுக்மான் ஹாக்கிம். 2018-இல் மலேசியாவில் நடந்த 16 வயதுக்குட்பட்டோர் ஆசியப் போட்டியில் ஐந்து கோல்கள். 2019-இல் இங்கிலாந்தின் 'தி கார்டியன்' பத்திரிகை உலகின் அறுபது இளம் திறமைகளின் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தது. பதினேழு வயதில் பெல்ஜியத்தின் கோர்ட்ரைக் கழகத்தோடு ஐந்தாண்டு ஒப்பந்தம்.

அங்கே முதல் குழுவில் அவருக்குக் கிடைத்த நிமிடங்கள் மிகக் குறைவு. ஐஸ்லாந்து, ஜப்பான் என்று இரவலாகப் போய் வந்தார். அவர் சறுக்கியதும் மீண்டும் அதே வாக்கியம் கிளம்பியது. அவரை விண்ணுக்கு ஏற்றி அடுத்த மொக்தார் டஹாரி என்று எழுதியவர்களே அதையும் எழுதினார்கள். 1988-இல் சிங்கப்பூரின் வி. சுந்தரமூர்த்தி சுவிட்சர்லாந்தின் பாசல் கழகத்துக்குப் போனபோதும் அப்படித்தான். அந்தக் கால்களின் மந்திரத்தைப் பார்த்தவர்கள் இன்றும் பேசுகிறார்கள். அவரால் அங்கே நீண்ட நாள் நிலைக்க முடியவில்லை. தனியாகக் குளிர்நாட்டுக்குப் போய் நிற்கும் பையனுக்கு மொழி, சாப்பாடு, காயம், பெஞ்சில் உட்கார்ந்தே கழியும் மாதங்கள் என்று எத்தனையோ இருக்கின்றன. அவற்றையெல்லாம் ஒரே சொல்லில் 'கட்டொழுங்கு' என்று கட்டி மூட்டையாக்கிவிடுவது வசதிதான். சுந்தரமூர்த்தி பிற்காலத்தில், 2016-இல், சிங்கப்பூர் தேசியக் குழுவின் பயிற்றுநர் ஆனார். லுக்மானின் கதை இன்னும் முடியவில்லை.

கட்டொழுங்கைப் பையன்களிடம் கேட்கும் பெரியவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 செப்டம்பரில், வெளிநாட்டில் பிறந்த ஏழு ஆட்டக்காரர்களைத் தேசியக் குழுவில் சேர்க்கப் போலி ஆவணங்கள் பயன்படுத்தப்பட்டன என்று ஃபிஃபா மலேசியக் காற்பந்து சங்கத்துக்கு 3 லட்சத்து 50 ஆயிரம் சுவிஸ் பிராங்க் அபராதம் விதித்தது. ஏழு பேருக்கும் 12 மாதத் தடை அறிவித்தது. சங்கத்தின் மேல்முறையீட்டையும் ஃபிஃபா நவம்பரில் தள்ளுபடி செய்தது. வழக்கு அனைத்துலக விளையாட்டு நடுவர் மன்றம் வரை போனது. தாத்தா பாட்டியின் பிறந்த ஊரைத் தேடிக் கடல் கடந்து போகும் முயற்சியில் ஒரு பங்கை, தாத்தா பாட்டியோடு இதே ஊரில் வாழும் பையன்களுக்குச் செலவிட்டிருந்தால் என்ன என்று பாகான் டாலாம் திடல் ஓரத்தில் யாராவது கேட்டால், பதில் சொல்வது கடினம்.

அந்தத் திடலுக்கே போவோம். பயிற்சிக்கு வராத அந்தப் பதினாறு வயதுப் பையனின் வீட்டுக்கு யாராவது போய்க் கேட்டார்களா? அம்மா இரவு வேலைக்குப் போவதால் தம்பியைப் பார்த்துக்கொள்ள அவன் வீட்டில் இருந்திருக்கலாம். பூட்ஸ் கிழிந்திருக்கலாம். சும்மா சோம்பலாகவும் இருந்திருக்கலாம். எல்லாப் பையனுக்கும் ஒரு சோகக் கதை இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சோம்பல் என்றால் பெஞ்சில் உட்காரவைக்க வேண்டும், தயவு தாட்சண்யம் வேண்டாம். ஆனால் எது என்று தெரிந்துகொள்ள ஒருவர் போக வேண்டும். முன்பு துறைமுகத்து மேலதிகாரியும் பக்கத்து வீட்டு அண்ணனும் செய்த அந்த வேலையை இப்போது செய்ய யாருக்கும் சம்பளம் இல்லை. தங்கள் கைக்காசைப் போட்டு, வேலை முடிந்து களைத்து வந்து, சில பயிற்றுநர்கள் அதைச் செய்கிறார்கள். அவர்களிடம் போய், "பையன்களுக்குக் கட்டொழுங்கு இருக்கிறதா?" என்று கேட்டால் சிரிப்பார்கள். "இந்த வாரம் எத்தனை பேர் வந்தார்கள்?" என்று கேட்டால் பெயரோடு சொல்வார்கள்.

ஃபெரியில் கடலைக் கடந்தால் எதிரே ஜார்ஜ்டவுன். அங்கே பினாங்கு நகர அரங்கத்தில் 2016 பிப்ரவரி 16-ஆம் தேதி, பகாங்குக்கு எதிரான ஆட்டத்தில், முப்பது மீட்டருக்கும் மேலான தூரத்திலிருந்து முகமட் ஃபாய்ஸ் சுப்ரி ஒரு ஃபிரீகிக் அடித்தார். ஒரு பக்கம் போவது போல் போன பந்து நடுவானில் மறுபக்கம் திரும்பிக் கோலுக்குள் போனது. அந்த ஆண்டின் உலகின் சிறந்த கோலுக்கான புஸ்காஸ் விருதை அவர் பெற்றார். விழுந்த வாக்குகளில் 59 சதவீதத்துக்கும் மேல் அவருக்கு. 2017 ஜனவரியில் சூரிக் மேடையில், ரொனால்டோக்கள் உட்கார்ந்திருந்த அவையின் முன், எழுதி வைத்திருந்த உரையைக் கைப்பேசியில் தேடிக்கொண்டு கொஞ்ச நேரம் தடுமாறி நின்றார். அந்த கோலை அடித்தபோது அவருக்கு வயது 28. கெடாவில் பிறந்து, பல மாநிலக் குழுக்களுக்கு ஆடிவிட்டு பினாங்குக்கு வந்தவர். பதினெட்டு வயதில் எந்த நட்சத்திரப் பட்டியலிலும் அவர் பெயர் இருந்ததில்லை.